எமிலி டிக்கின்சனின் கோடுகளை எடுத்துவிடலாமா?

வேப்பம்பூ | சனி, இரவு 9.12

எட்டு மாதமாக அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனைத் தமிழில் கொண்டுவரப் பார்க்கிறேன். 23 கவிதைகள் ஓரளவு தேறியிருக்கின்றன. அதில் ஐந்தை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். எமிலி வரிக்கு நடுவிலும் கடைசியிலும் போடுகிற சின்னக் கோடுகளை (–) நானும் அப்படியே வைத்திருந்தேன். இதழ் கைக்கு வந்ததும் ஆசையாகப் பிரித்தால் அந்தக் கோடுகளில் ஒன்றுகூட இல்லை. சில இடத்தில் காற்புள்ளி, சில இடத்தில் முற்றுப்புள்ளி, மற்ற இடங்களில் வரியை அப்படியே ஒட்டவைத்துவிட்டார்கள். ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நம்ம வாசகருக்குக் கண்ணை உறுத்தும்மா. அந்தம்மா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, தோன்றியதை அவசரமாக எழுதிப் போட்டவர். அச்சுக்குப் போகும் என்று தெரிந்திருந்தால் அவரே சரிசெய்திருப்பார்" என்றார்.

பெரியவர், நிறையப் படித்தவர். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மூன்று நாளாகத் தூக்கமும் வரவில்லை. அந்தக் கோடு அவர் நடையா, அவசரமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. 'ஹோப்', 'ஃபெய்த்' இரண்டுக்கும் எனக்கு நம்பிக்கை என்ற ஒரே சொல்தான் வருகிறது. அவரோ முதலாவதை இறகுள்ள ஒன்றாக்கி நெஞ்சில் உட்காரவைக்கிறார். இரண்டாவதை, பார்வையுள்ள கனவான்களுக்கு நல்ல கண்டுபிடிப்புதான், ஆனால் ஆபத்து நேரத்தில் நுண்ணோக்கியை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்கிறார். இரண்டிலும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த மனுஷி எதை நம்பினார், எதை நம்பவில்லை என்பதே கலங்கிப்போகிறது.

பழைய புத்தகக்காரர் | சனி, இரவு 10.47

வேப்பம்பூ, உங்களுக்கு நடந்தது எமிலிக்கே நடந்தது. 1890-ல்.

அவர் 1886 மே 15 அன்று 55 வயதில் போனார். உயிரோடு இருந்தவரை அச்சேறியவை பத்துக் கவிதை அளவுக்குத்தான், அவையும் பெயர் இல்லாமல். பிறகு தங்கை லவீனியா அக்காவின் அறையை ஒழுங்குபடுத்தப் போன இடத்தில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. எப்படிப்பட்ட பிரதிகள் தெரியுமா? நல்ல தாளை மடித்து, கவிதையைத் தெளிவாகப் படியெடுத்து, மடித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு நூல் கோத்துக் கட்டியவை. அப்படி 40 கையேடுகள், 800-க்கு மேல் கவிதைகள். படியெடுத்த பிறகு முதல் வரைவைப் பெரும்பாலும் அழித்துவிடுவார். தோன்றியதை எழுதிப் போடுகிறவர் செய்கிற வேலையா இது? ஒரு பதிப்பாளர் செய்கிற வேலை. வாசகர்தான் வெளியே இல்லை.

அச்சுக்குப் போயிருந்தால் அவரே திருத்தியிருப்பார் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 1866-ல், புல்லுக்குள் போகும் பாம்பைப் பற்றிய அவர் கவிதை ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன் பத்திரிகையில் வந்தது. அவர் வைக்காத தலைப்பை வைத்தார்கள், மூன்றாம் வரியில் ஒரு குறியையும் சேர்த்தார்கள். அந்த வரியும் நான்காம் வரியும் ஒரே மூச்சில் போகவேண்டியவை. உடனே, தான் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்டுவந்த எழுத்தாளர் ஹிக்கின்சனுக்குக் கடிதம் எழுதி, கவிதை தன்னிடமிருந்து களவு போனது, போதாததற்கு அந்தக் குறியால் மூன்றாம் வரியும் தோற்றுப்போனது என்று வருந்துகிறார். ஒரு குறிக்காக! இவர் கோடு போட்டது கை தவறியா?

அவர் இறந்தபின் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் மேபல் லூமிஸ் டாடும் அதே ஹிக்கின்சனும். கோடுகளைக் குறைத்தார்கள், தலைப்பு வைத்தார்கள், இயைபைச் சரிக்கட்டினார்கள். மரணம் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் கவிதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதற்கு 'தேர்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. நான்காம் பத்தியையே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் பத்தியில், பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் வட்டமாக நின்று மோதிக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த வரி 'ரிங்' என்று முடியும், இயைய வேண்டிய வரி 'சன்' என்று முடியும். ஒட்டவில்லையே என்று, பிள்ளைகள் பாடம் முடித்து விளையாடுகிறார்கள் என்று மாற்றி 'டன்' என்று முடித்தார்கள். சாவு வண்டி கடந்துபோகும் வழியில் பிள்ளைகள் மல்லுக்கு நிற்பதற்கும் பாடம் முடித்து ஆடுவதற்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்.

அந்தப் புத்தகம் இரண்டே வருடத்தில் 11 முறை அச்சானது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் திருத்தியிராவிட்டால் அன்றைக்கு யார் வாங்கியிருப்பார்கள் என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை. கோடுகளோடு முழுத் தொகுப்பு வந்தது 1955-ல், தாமஸ் ஜான்சன் பதிப்பித்தது, 1775 கவிதைகள். 1998-ல் ஃப்ராங்க்ளின் பதிப்பு, 1789. இறந்து 69 வருடம் கழித்துத்தான் உலகம் அந்தக் கோடுகளை ஒழுங்காகப் பார்த்தது.

ஊமத்தை | ஞாயிறு, காலை 6.30

கோடு இருக்கட்டும். நான் வேறு ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள்.

இவர் அதிகமாக எழுதியது 1861 முதல் 1865 வரை. 1863-ல் மட்டும் முந்நூறு கவிதைக்குக் கிட்டத்தட்ட. அதே வருடங்களில்தான் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அடிமை முறை இருக்கவேண்டுமா என்பதற்காக லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் சொந்த ஊரான ஆம்ஹெர்ஸ்டில் அப்பாவின் பெரிய செங்கல் வீட்டு மாடியில் வெள்ளை உடுப்பில் உட்கார்ந்து தேனீயைப் பற்றி எழுதுகிறார். அப்பா வழக்கறிஞர், ஒரு தவணை நாடாளுமன்ற உறுப்பினர். அண்ணன் ஆஸ்டின் 500 டாலர் கட்டித் தனக்குப் பதில் இன்னொருவனைப் போருக்கு அனுப்பியவர். சோறு பொங்க ஆள், துணி துவைக்க ஆள். கதவைச் சாத்திக்கொள்ளும் சுதந்திரம் எத்தனை பெண்களுக்கு இருந்தது? நாம் அதைத் துறவு, கலகம் என்று கொண்டாடுவது சரியா?

பாமாலை | ஞாயிறு, பிற்பகல் 1.15

ஆராதனை முடிந்து இப்போதுதான் வந்தேன். வேப்பம்பூ தங்கச்சி, உங்கள் இரண்டாவது முட்டுக்கட்டைக்கு எங்கள் வீட்டில் பதில் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்துப் பாருங்கள். விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 'ஃபெய்த்' விசுவாசம், 'ஹோப்' நம்பிக்கை. சபையில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டும் குழம்பவே குழம்பாது. எமிலியும் வேதாகமத்தோடு வளர்ந்தவர்தான், வரிக்கு வரி அது தெரியும். விசுவாசம் என்று போடுங்கள். பொதுவாசகருக்குக் கோயில் வாசனை அடிக்கும் என்று தயங்காதீர்கள், அந்த வாசனை அவர் கவிதையில் இருப்பதுதான்.

அவர் என்ன நம்பினார் என்று கேட்டீர்கள். 1847-ல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் சேர்ந்தார், ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. அங்கே மாணவிகளை ஆத்தும நிலையை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள். 17 வயது எமிலி மூன்றாவது கூட்டத்தில். 'ஹோப்' இல்லாதவள் என்று பெயர் வாங்கிய அதே பெண் பின்னாளில் 'ஹோப்' ஒரு பறவை, சொல்லில்லாத ராகத்தைப் பாடும், நிறுத்தவே நிறுத்தாது என்று எழுதுகிறார். இதை முதன்முதலில் சேர்த்துப் பார்த்த அன்றைக்கு நான் அழுதேன்.

1850-ல் ஊரில் பக்தியைத் தூண்டிவிடும் எழுப்புதல் கூட்டம் நடக்கிறது. அப்பா சபையில் சேர்கிறார், அண்ணியாகப் போகிற சூசனும் சேர்கிறார். எமிலி கடைசிவரை சேரவே இல்லை. ஹிக்கின்சனுக்கு எழுதும்போது, வீட்டார் பக்தியுள்ளவர்கள், நான் மட்டும் இல்லை, தினம் காலையில் ஒரு கிரகணத்தைப் பார்த்துப் பிதாவே என்கிறார்கள் என்கிறார். நாத்திகர் பேச்சு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கிரகணம் என்றால் சூரியன் இல்லை என்று அர்த்தமா? மறைந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கவிதையில் கடவுளை ஒரே மூச்சில் திருடனே, வட்டிக்காரனே, அப்பனே என்று கூப்பிடுகிறார். இல்லாத ஒருவரிடம் யாரும் இப்படிச் சண்டைக்குப் போவதில்லை. சங்கீதங்களில் தாவீது இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்.

1883-ல் அண்ணன் மகன் கில்பர்ட் எட்டு வயதில் டைஃபாய்டு வந்து இறந்தான். பதினைந்து வருடமாகத் தோட்டம் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகாதவர் அந்த ராத்திரி போனார். கதவைத் திற, அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று காய்ச்சலில் பிள்ளை பிதற்றியிருக்கிறான். காத்திருந்தது யார் என்று தெரிந்துகொள்ள எங்களிடம் உள்ள எல்லாவற்றையும் கொடுப்போம் என்று பிறகு ஒரு கடிதத்தில் எழுதுகிறார். இதற்கு மேல் அவர் விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரு சின்ன விஷயம். அவர் கவிதைகளில் பல 8-6-8-6 அசை. எங்கள் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தில் 'சி.எம்.' (காமன் மீட்டர்) என்று போட்டிருக்குமே, அந்த அளவு. ஐசக் வாட்ஸ் ஞானப்பாட்டுகளின் அளவு. அமேசிங் கிரேஸ் மெட்டில் அந்த மரண வண்டிக் கவிதையை ஆங்கிலத்தில் பாடிப் பாருங்கள், அப்படியே உட்காரும். சபைக்குப் போகாதவர் சபையின் மெட்டை விடவில்லை.

மரபன் | ஞாயிறு, மாலை 4.02

பாமாலை அக்கா சொன்ன மெட்டோடு சேர்த்தால்தான் கோட்டின் வேலை புரியும். மெட்டு எல்லாருக்கும் பழக்கமானது. அடுத்த சொல் எங்கே விழும் என்று காதுக்கு முன்பே தெரியும். அந்த இடத்தில் கோட்டைப் போட்டு நிறுத்துகிறார். தாளம் போகச் சொல்கிறது, கோடு நில் என்கிறது. தாளமில்லாத இடத்தில் கோடு போட்டால் அது வெறும் இடைவெளி. வேப்பம்பூ, உங்கள் மொழிபெயர்ப்பில் நான் கேட்க நினைத்தது இதுதான். கோட்டை வைத்திருக்கிறீர்கள், அதற்குக் கீழே தாளம் இருக்கிறதா? தாளமில்லாமல் கோடு மட்டும் இருந்தால் அந்த ஆசிரியருக்கு உறுத்தியதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

இயைபு விஷயமும் அப்படித்தான். நமக்கு எதுகை முன்னால், அவர்களுக்கு ஒலியொற்றுமை வரிக்கடைசியில். 'ரிங்'கும் 'சன்'னும் முழுதாக ஒட்டாது, கடைசி மூக்கொலி மட்டும் உரசிவிட்டுப் போகும். அவர் அதை நூற்றுக்கணக்கான இடங்களில் செய்கிறார். முழு இயைபு வந்தால் கதவு சாத்தியதுபோல் பத்தி முடிந்துவிடும். இவருக்குக் கதவு ஒருக்களித்தே இருக்கவேண்டும். தமிழில் கடைசியில் இதைச் செய்யாதீர்கள், நம் காது அங்கே காத்திருக்காது. இரண்டாம் எழுத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் வையுங்கள். பட்டு, பத்து என்பதுபோல. இனவெழுத்து எதுகையை நம் ஆட்களே பாடியிருக்கிறார்கள், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வேப்பம்பூ | ஞாயிறு, இரவு 8.20

விசுவாசம்! எட்டு மாதமாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அக்கா, நன்றி என்று சொன்னால் போதாது.

மரபன், ஒத்துக்கொள்கிறேன். என் வரிகளில் தாளம் தளர்ந்துதான் கிடக்கிறது. அர்த்தத்தைப் பிடிக்கிற பதற்றத்தில் காதை விட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 'நான் யாருமில்லை' கவிதையில், நீ யார் என்று கேட்பதா, நீங்கள் யார் என்று கேட்பதா? ஆங்கிலத்தில் அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு யாருமில்லாதவர்கள் ரகசியமாகச் சேர்ந்துகொள்கிறார்கள், அதனால் நீ என்றே போட்டிருக்கிறேன். மரண வண்டியில்தான் குழப்பம். மரணம் பண்போடு வண்டியை நிறுத்துகிற கனவான். அவர் என்றால் மரியாதை வருகிறது, ஆனால் யாரோ வீட்டுப் பெரியவர் போலாகிவிடுகிறது. அவன் என்றால் எமன் எருமையில் வந்துவிடுகிறான்.

பாமாலை | ஞாயிறு, இரவு 8.41

அவர் என்றே போடுங்கள். பெண் பார்க்க வந்தவரைச் சொல்கிற அவர். அந்தக் கவிதையில் அந்தச் சாயல் இருக்கிறது, வண்டியில் ஏறுகிற பெண்ணும் மெல்லிய உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டுதானே கிளம்புகிறார்.

மாடிவிளக்கு | ஞாயிறு, இரவு 11.30

ஊமத்தைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் முயல்கிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி.

போர் அவரைத் தொடவில்லை என்பது சரியல்ல. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரித் தலைவரின் மகன் ஃப்ரேசர் ஸ்டேர்ன்ஸ், ஆஸ்டினின் நண்பர், 1862 மார்ச்சில் வட கரோலினாவில் குண்டடிபட்டு இறந்தார். ஊரே நொறுங்கியதை எமிலி கடிதங்களில் எழுதுகிறார். அடுத்த மாதம், ஏப்ரல் 15, அதுவரை பார்த்தே இராத ஹிக்கின்சனுக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்கிறார். யார் இந்த ஹிக்கின்சன்? அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனின் கிளர்ச்சிக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த ஆறு பேரில் ஒருவர். அந்த வருடமே, அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுக்குத் தலைமையேற்று தென் கரோலினா போனவர். ஒரு கவிஞருக்கு ஊரில் பேராசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவரைத்தானே தேர்ந்தெடுத்தார்? போர்முனையில் இருந்தவருக்கும் எழுதினார். போர் எனக்கு ஒரு சாய்ந்த இடமாகப் படுகிறது என்கிறார். 1864-ல், காயம்பட்ட வடபடை வீரர்களின் சிகிச்சைக்குப் பணம் திரட்டிய புரூக்ளின் பத்திரிகை ஒன்றில் அவர் கவிதைகள் மூன்று வந்தன. கொஞ்சம்தான், ஆனால் ஒன்றுமில்லாமல் இல்லை.

ஹிக்கின்சன் 1870 ஆகஸ்டில் நேரில் போய்ப் பார்த்தார். எமிலி இரண்டு லில்லி மலர்களை ஒரு குழந்தையைப்போல் அவர் கையில் வைத்து, இதுதான் என் அறிமுகம் என்றாராம். பிறகு பேச்சு நிற்கவே இல்லை. என் நரம்பின் பலத்தை இப்படி உறிஞ்சிய ஆள் வேறு இல்லை, அவருக்குப் பக்கத்தில் வாழாதது நல்லதாயிற்று என்று ஹிக்கின்சன் மனைவிக்கு எழுதினார். இது நொறுங்கி ஒடுங்கிய பெண்ணின் சித்திரம் அல்ல. ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்தால் எதிராளி களைத்துப்போகிற அளவுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. என் தலையின் மேற்பகுதியே கழன்றுபோனதுபோல் உடம்பில் உணர்ந்தால் அது கவிதை என்று தெரிந்துகொள்வேன் என்று சொன்னதும் அந்தச் சந்திப்பில்தான்.

ஊமத்தை | திங்கள், காலை 6.05

ஹிக்கின்சன் யார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என் கேள்வியின் முதல் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

இரண்டாம் பாதியை விடமாட்டேன். அந்த வீட்டில் மேகி மேஹர் என்று ஓர் அயர்லாந்துப் பெண் 1869 முதல் வேலை பார்த்தார். எமிலி நன்றாக ரொட்டி சுடுவார், 1856-ல் ஊர்க் கால்நடைக் காட்சியில் அவர் கம்புமாவு ரொட்டி மாதிரியான ஒரு ரொட்டிக்கு இரண்டாம் பரிசு வாங்கியது எல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் இரவெல்லாம் எழுத விட்டது மேகி போன்றவர்களின் கைகள். அதை ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும்.

மாடிவிளக்கு | திங்கள், காலை 7.48

சொல்லவேண்டும்தான். எமிலிக்கும் அது தெரிந்திருந்தது. தன் சவப்பெட்டியை வீட்டுத் தோட்டத்திலும் தொழுவத்திலும் வேலை பார்த்த ஆறு அயர்லாந்துக்காரர்கள் தூக்கட்டும், தெருவழியே வேண்டாம், பின்கதவு வழியாக வயலுக்குள் போகட்டும் என்று சொல்லிவைத்தார். அப்படியே செய்தார்கள். (ரொட்டி கம்பு அல்ல, 'ரை' தானியமும் மக்காச்சோள மாவும் கலந்தது. நம் ஊரில் ரை விளைவதில்லை.)

பழைய புத்தகக்காரர் | திங்கள், இரவு 9.55

அழிப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோடு மட்டும் போகவில்லை. அண்ணி சூசனுக்கு எமிலி 250-க்கு மேல் கவிதைகள் அனுப்பியிருக்கிறார், வேறு யாருக்கும் இவ்வளவு இல்லை. அந்த உறவைக் காதல் என்று சொல்வதா, அதற்கும் வேறு பெயரா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்குக் கடிதங்களைப் படித்தபோது காதல் என்றுதான் பட்டது. 1858-ல் எழுதிய ஒரு கவிதையில், எனக்கு ஒரு சகோதரி எங்கள் வீட்டில், இன்னொருத்தி வேலிக்கு அப்பால் என்று சூசனைப் பாடுகிறார். கையேட்டில் இருந்த அந்தக் கவிதையின் மேல் யாரோ வரி வரியாக மை பூசியிருக்கிறார்கள். சூசனிடம் இன்னொரு பிரதி இருந்ததால் நமக்குக் கிடைத்தது. பழைய கடிதங்களிலும் சூசன் வரும் இடங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன. முதல் தொகுப்பைப் பதிப்பித்த மேபல், சூசனின் கணவர் ஆஸ்டினோடு உறவில் இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். எமிலியை அவர் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. கீழே பியானோ வாசிப்பார், எமிலி மாடியிலிருந்து கேட்பார்.

வேப்பம்பூ, இன்னொன்று. கையேடுகளில் சில சொற்களுக்கு அருகில் சின்னக் கூட்டல் குறி போட்டு, பக்கத்தின் அடியில் மாற்றுச் சொற்களை எழுதிவைப்பார். பெரும்பாலும் எதையும் அடிக்கமாட்டார். எது இறுதி என்று தேர்ந்தும் சொல்லமாட்டார். பதிப்பாளர்கள்தான் ஒன்றை எடுத்து மற்றதை அடிக்குறிப்புக்குத் தள்ளினார்கள். நீங்கள் இணையத்தில் வெளியிடுவதாக இருந்தால் அப்படித் தள்ளவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மரபன் | செவ்வாய், காலை 10.20

அந்த மூன்றாம் பத்தியில் தானிய வயலும் அஸ்தமிக்கும் சூரியனும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. கதிர், கதிரவன். ஆங்கிலத்தில் அவருக்குக் கிடைக்காத ஒட்டு நம்மிடம் சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பம்பூ | புதன், இரவு 11.58

மூன்று நாள் உட்கார்ந்தேன். சிற்றிதழ் ஆசிரியருக்கு இந்த இழையின் சுட்டியை அனுப்பி, மரியாதையாக ஒரு கடிதமும் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. 1890-ல் மாற்றிய பத்தியும், எடுத்தே போட்ட பத்தியின் முதல் வரியும் இதோ. மரபன், உரக்கப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

பள்ளியைக் கடந்தோம் – பிள்ளைகள் அங்கே
இடைவேளையில் + மோதினர் – வட்டமாய் –
விழித்துப் பார்க்கும் கதிர்வயல் கடந்தோம் –
விழப்போகும் கதிரவனைக் கடந்தோம் –

இல்லை – அவன்தான் – + எங்களைக் கடந்தான் –

+ மல்லுக்கு நின்றனர்
+ எங்களை விட்டுப் போனான்